பீகார் நிலநடுக்கம் (1934): வதந்திகளின் பதிவும் ஓர் உளவியல் கோட்பாட்டின் தோற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

பீகாரில் 1934ஆம் ஆண்டு நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தை அடுத்துப் பரவிய வதந்திகளை உளவியலாளர் ஜமுனா பிரசாத் பதிவு செய்து 1935இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், அமெரிக்க உளவியலாளர் லியோன் பெஸ்டிங்கர் 'அறிகை முரண்பாடு' என்னும் கோட்பாட்டை உருவாக்குவதற்கு அப்பதிவே தூண்டுகோலாயிற்று. பிரசாத் திரட்டிய தரவு பெஸ்டிங்கரின் கைக்குச் சென்றபோது எவற்றை இழந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அஞ்சிய மக்கள் தம் அச்சத்திற்கு ஏற்ற காரணங்களைப் படைத்துக்கொண்டனர் என்னும் விளக்கம், நிகழ்விடத்தின் சேதம், பின்னதிர்வுகள், பஞ்சாங்க நாட்கள், அக்காலப் பொதுவிவாதம் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: வதந்தி, சமூக உளவியல், பீகார் நிலநடுக்கம், அறிகை முரண்பாடு, பஞ்சாங்கம், காந்தி – தாகூர் விவாதம்

முன்னுரை

மனிதர் எதை நம்புகின்றனர், ஏன் நம்புகின்றனர் என்பன பற்றிய அறிவியல் ஆய்வுகள் பெரும்பாலும் பொதுவிதிகளையே நாடுகின்றன. ஓர் ஊரில், ஒரு காலத்தில் திரட்டப்பட்ட தரவு, ஊரையும் காலத்தையும் களைந்துவிட்டு மனித மனத்தின் இயல்பாகப் பாடநூலில் இடம்பெறுகிறது. அறிகை முரண்பாட்டுக் கோட்பாடு இதற்குத் தக்க சான்றாகும். இக்கோட்பாட்டை விளக்கும் நூல்கள் வழக்கமாக இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தரும். ஒன்று, உலகம் வெள்ளத்தில் அழியும் என நம்பிக் காத்திருந்த சிக்காகோ வட்டாரத்துச் சிறு குழு. மற்றொன்று, ஒரு டாலருக்காகப் பொய் சொன்ன கல்லூரி மாணவர்கள். இவ்விரண்டிற்கும் முற்பட்டது பீகார் மக்களின் பேச்சு. அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. பேசப்படும் இடங்களிலும் பெஸ்டிங்கர் தந்த சுருக்கமே திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது.

நிலநடுக்கமும் செய்தித் துண்டிப்பும்

1934 ஜனவரி 15ஆம் நாள் திங்கட்கிழமை பிற்பகல் இரண்டே கால் மணியளவில் நிலம் நடுங்கியது. அதன் அளவு ஏறத்தாழ 8.0 என இன்று கணிக்கப்படுகிறது. அரசுக் கணக்கின்படி பீகாரில் ஏறத்தாழ 7,250 பேரும் நேபாளத்தில் ஏறத்தாழ 8,500 பேரும் உயிரிழந்தனர். முங்கேர், முசாபர்பூர், தர்பங்கா ஆகிய நகரங்கள் பெருஞ்சேதமுற்றன. கங்கைக்கு வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நிலப்பட்டையில், நீர் கலந்த மணல் இறுக்கம் இழந்து குழம்பாகி வெடிப்புகள் வழியே பீறிட்டது. கட்டடங்கள் சாய்ந்து மண்ணுள் இறங்கின. கிணறுகள் மணலால் தூர்ந்தன. வயல்கள் மணலுக்கு அடியில் மறைந்தன.

இந்தப் பட்டையின் சேதத்தைக் கண்ட அக்கால நிலவியலாளர்கள் நிலநடுக்க மையம் வட பீகாரிலேயே இருந்தது என முடிவு செய்தனர். பிற்காலக் கணக்கீடுகள் அதனை எவரெஸ்ட் சிகரத்திற்குத் தெற்கே, கிழக்கு நேபாளத்திற்கு மாற்றின. கண்ணுக்குத் தெரிந்த சேதத்தைக் கொண்டு காணாத காரணத்தை ஊகிப்பது வதந்தி பரப்பியவர்களுக்கு மட்டும் உரிய செயலன்று என்பதற்காக இதனை இங்குச் சுட்ட நேர்கிறது.

தந்திக் கம்பிகள் அறுந்தன, இருப்புப்பாதைகள் வளைந்தன, பாலங்கள் இடிந்தன. கங்கைக்கு வடக்கே என்ன நிகழ்ந்தது என்பது தெற்கே இருந்தவர்களுக்குச் சில நாட்கள் வரை தெளிவாகத் தெரியவில்லை. வானூர்திகளில் பறந்து பார்த்தே சேதத்தின் பரப்பை உணர முடிந்தது. பேச்சு பெருகுவதற்கு இதைவிட ஏற்ற சூழல் வேண்டியதில்லை.

ஜமுனா பிரசாத்தின் பதிவு

பாட்னாவில் உளவியல் துறையில் பணியாற்றிய ஜமுனா பிரசாத், மக்களிடையே உலவிய பேச்சுகளை அவை சூடு ஆறும் முன்னரே திரட்டினார். அவரது கட்டுரை பிரிட்டிஷ் உளவியல் இதழில் 1935இல் வெளிவந்தது. வதந்தி பற்றிய முறையான கள ஆய்வுகளுள் மிக முற்பட்டவற்றுள் இதுவும் ஒன்று.

அவர் பதிவு செய்தவற்றுள் சிலவற்றை இங்குக் குறிப்பிடலாம். அதிர்வின்போது கங்கையின் நீர் மறைந்தது, நீராடிக் கொண்டிருந்தோர் மணலில் புதைந்தனர் என்பது ஒன்று. நேபாள எல்லையிலிருந்து மதுபனியை நோக்கி வெள்ளம் விரைந்து வருகிறது என்பது மற்றொன்று. ஜனவரி 18க்கும் 19க்கும் இடையே பாட்னாவைக் கடும்புயல் தாக்கும். ஜனவரி 23 கேடு விளைக்கும் நாள். சந்திர கிரகணத்தன்று மீண்டும் பெரிய நிலநடுக்கம் வரும். பிப்ரவரி 26இல் பிரளயம் நிகழும் என்று நாள் குறித்துச் சொன்னவை வேறு சில. நடந்ததை மிகைப்படுத்திய பேச்சுகளும் இருந்தன. ஆயினும் பரவலாக உலவியவற்றுள் பெரும்பாலானவை, வரப்போகும் இன்னும் பெரிய கேடுகளைப் பற்றியவை.

பிரசாத் இவற்றைத் தனிமனிதரின் அறியாமை என்று ஒதுக்கவில்லை. வதந்தி பிறக்கும் சூழலின் இயல்புகளை அவர் ஐந்தாக வகுத்தார். அச்சூழல் உணர்ச்சிக் கலக்கத்தை ஏற்படுத்துவது, வழக்கத்திற்கு மாறானது, பாதிக்கப்பட்டோர் அறியாத கூறுகள் பலவற்றைக் கொண்டது, சரிபார்க்க இயலாதவற்றை உள்ளடக்கியது, குழு முழுவதற்கும் அக்கறைக்குரியது. இவற்றுள் உணர்ச்சி ஒன்றே. ஏனைய நான்கும் அறிவு, அனுபவம், செய்தித் தொடர்பு, கூட்டு வாழ்வு ஆகியவை சார்ந்தவை. வதந்தியின் உள்ளடக்கம், அந்தச் சமூகத்தில் ஏற்கெனவே வழங்கும் கருத்துகளிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் அவர் கருத்து. அச்சமுற்றவன் வெறுமையிலிருந்து எதையும் படைப்பதில்லை. கையில் இருப்பதைக் கொண்டே படைக்கிறான்.

பெஸ்டிங்கரின் வாசிப்பு

1951இன் இறுதியில் போர்டு அறக்கட்டளையின் நடத்தை அறிவியல் பிரிவுத் தலைவர் பெர்னார்டு பெரெல்சன், தகவல் தொடர்பு, சமூகச் செல்வாக்கு ஆகியன பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் பணியைப் பெஸ்டிங்கரிடம் முன்வைத்தார். அப்பணியின் தொடக்கத்தில் பெஸ்டிங்கரும் அவர் குழுவினரும் வதந்தி பற்றிய ஆய்வுகளைப் படித்தபோது பிரசாத்தின் கட்டுரையைக் கண்டனர். மக்கள் தமக்கு இன்னலூட்டும் எண்ணங்களைத் தவிர்க்கவே விரும்புவர் என்பது அன்றைய பொதுக்கருத்து. அவ்வாறாயின், ஓர் அதிர்விலிருந்து தப்பியவர்கள் அதைவிடக் கொடியது வரும் என ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்?

பெஸ்டிங்கர் கண்ட விடை எளிமையானது, புதுமையும் உடையது. இவ்வதந்திகள், அதிர்வை உணர்ந்தும் சேதம் எதையும் காணாத மக்களிடமிருந்து திரட்டப்பட்டவை என அவர் கொண்டார். அம்மக்கள் அஞ்சினர்; ஆனால் அஞ்சுவதற்குரிய காரணம் எதுவும் அவர்கள் கண்முன் இல்லை. 'அஞ்சுகிறேன்' என்னும் உணர்வும் 'அஞ்சத் தக்கது எதுவும் இல்லை' என்னும் அறிவும் தம்முள் முரண்பட்டன. வரப்போகும் பேரழிவைப் பற்றிய பேச்சு அந்த முரணைத் தீர்த்தது. ஆகவே அவை அச்சமூட்டும் வதந்திகள் அல்ல, அச்சத்தை நியாயப்படுத்தும் வதந்திகள் என்றார் அவர்.

இந்த விதையிலிருந்து வளர்ந்த கோட்பாடு 1957இல் நூலாக வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில், 1954 டிசம்பர் 21இல் பெருவெள்ளம் வரும் என நம்பிய குழுவினுள் பார்வையாளர்களை அனுப்பித் தாம் செய்த ஆய்வைப் பெஸ்டிங்கர், ரீக்கன், ஷாக்டர் ஆகியோர் வெளியிட்டனர். கணிப்புப் பொய்த்த பின்னரும் நம்பிக்கை தளராமல் வலுப்பெற்றது என்பது அதன் முடிவு. பீகாரில் பிரளயத்திற்கு நாள் குறித்தவர்களும் அமெரிக்காவில் வெள்ளத்திற்கு நாள் குறித்தவர்களும் ஒரே சிந்தனைத் தொடரில் அடுத்தடுத்து வந்தனர் என்பது கருதத்தக்கது.

டார்ஜிலிங் ஒப்பீடு

பெஸ்டிங்கரின் விளக்கத்திற்கு வலுச்சேர்த்தது துர்கானந்த சின்கா 1952இல் வெளியிட்ட கட்டுரை. டார்ஜிலிங்கில் 1950ஆம் ஆண்டு நிகழ்ந்த நிலச்சரிவுகளுக்குப் பின் உலவிய செய்திகளையும் வதந்திகளையும் சின்கா தொகுத்தார். அங்குப் பேசியவர்கள் அழிவைக் கண்ணாரக் கண்டவர்கள். அவர்கள் பேச்சில் மிகை இருந்தது. ஆனால் இதைவிடப் பெரிய கேடு வரும் என்னும் முன்னறிவிப்புகள் இல்லை. 1934இல் காணப்பட்டதை ஒத்த நிலையின்மையும் ஐயமும் டார்ஜிலிங்கிலும் நிலவியதாகச் சின்கா குறித்திருந்தார். மனநிலை ஒன்று, பேச்சு வேறு. வேறுபடுவது கண்முன் சேதம் இருந்ததா இல்லையா என்பதே. சேதத்தைக் கண்டவர்களுக்கு அச்சத்தை நியாயப்படுத்தத் தேவையில்லை என்பது பெஸ்டிங்கரின் முடிவு.

வாதத்தின் அமைப்பு கவர்ச்சியானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரு நிகழ்வுகளுக்கும் இடையே சேதத்தைக் கண்டது, காணாதது என்ற ஒரு வேறுபாடு மட்டுமே இருப்பதாகக் கொண்டால்தான் அது நிற்கும்.

சேதம் காணாத மக்களா?

முதலாவதாக, சேதம் காணாத மக்கள் என்னும் வரையறையே ஆராயத்தக்கது. வதந்திகளுட் சில பாட்னாவைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. அப்பேச்சு உலவிய வட்டாரம் எது என்பதற்கு அதுவே சான்று. முங்கேரோடு ஒப்பிடுகையில் பாட்னா தப்பியது உண்மை. ஆனால் அது பழுதற்ற நகரமாக இருக்கவில்லை. கங்கைக் கரையை ஒட்டிய கட்டடங்கள் பல சேதமுற்றன. இடிந்த சுவரையும் வெடித்த கூரையையும் கண்ட ஒருவரிடம் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை என்னும் அறிவு இருந்ததாகக் கொள்வது கடினம். அதற்கு மேல், ஆற்றின் மறுகரையிலிருந்து செய்தியே வரவில்லை. செய்தி வராமையே ஒரு செய்தியாக அம்மக்களுக்குத் தோன்றியிருக்கும்.

இரண்டாவதாக, நிலநடுக்கமும் நிலச்சரிவும் ஒரே தன்மையன அல்ல. பெருமழையால் சரிந்த மலை, மழை ஓய்ந்தபின் பெரும்பாலும் அடங்கிவிடும். வானத்தைப் பார்த்தே ஓரளவு தேறலாம். பெருநிலநடுக்கத்திற்குப் பின்னரோ நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் பின்னதிர்வுகள் தொடரும். ஒவ்வொரு பின்னதிர்வும் அடுத்தது பெரிதாக இருக்குமோ என்னும் வினாவை எழுப்பும். அவ்வினாவிற்கு அன்றைய அறிவியலிடம் விடையில்லை; இன்றும் குறித்த நாளைச் சொல்லும் விடை கிடையாது. எனவே மீண்டும் ஒரு நடுக்கம் வரும் என எதிர்பார்த்ததை மனத்தின் முரண்தீர்ப்பு உத்தியாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. தமக்குக் கிடைத்த அனுபவத்திலிருந்து மக்கள் செய்த ஊகமாகவும் அதனைக் கொள்ளலாம். நாளைக் குறித்ததில்தான் அவர்கள் ஊகத்தின் எல்லையைக் கடந்தனர்.

அந்த நாட்கள் எங்கிருந்து வந்தன என்பது அடுத்த வினா. பெஸ்டிங்கரின் நூலில் இவ்வினா இல்லை. 1934 ஜனவரி 15 அமாவாசை நாள். வடநாட்டில் அது மௌனி அமாவாசை என வழங்குவது. மக்கள் கங்கையில் திரளாக நீராடும் நாள். தமிழர்களுக்கு அது தை அமாவாசை. ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்தும் நாள் என்பதால், அன்று கங்கைக்கரை எவ்வாறு இருந்திருக்கும் என்பதைத் தமிழ் வாசகர் எளிதில் உணரலாம். கங்கை வற்றி நீராடியோர் புதைந்தனர் என்னும் வதந்தி அந்த நாளிலிருந்தே பிறந்தது. வேறொரு நாளில் நடுக்கம் நிகழ்ந்திருந்தால் அவ்வதந்தி இவ்வடிவத்தில் எழுந்திருக்குமா என்பது ஐயமே. அதற்கு அடுத்த முழுநிலவு நாளான ஜனவரி 30இல் பகுதிச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. இதுவும் பஞ்சாங்கத்தில் முன்னரே குறிக்கப்பட்டிருந்த நாள். கிரகணத்தன்று நிலம் நடுங்கும் என்றவர்கள் புதிதாக ஒரு நாளைக் கற்பிக்கவில்லை. தாம் ஏற்கெனவே அஞ்சியும் விரதம் காத்தும் வந்த ஒரு நாளோடு புதிய அச்சத்தைப் பொருத்தினர். பிரளயம் என்னும் சொல்லும் அத்தகையதே. அதற்குப் பின்னே ஊழிமுடிவு பற்றிய நீண்ட புராண மரபு இருக்கிறது.

வதந்தியின் உள்ளடக்கம் சமூகத்தின் முன்னறிவிலிருந்து எடுக்கப்படுகிறது எனப் பிரசாத் கூறியது இவ்விடத்தில் முழுமையாகப் பொருந்துகிறது. அச்சமே வதந்தியைத் தோற்றுவித்தது எனக் கொண்டாலும், அது ஏன் இந்த வடிவத்தை எடுத்தது என்பதற்கு அறிகை முரண்பாட்டில் விடை இல்லை.

வதந்திப் பட்டியல் ஒன்று நம்பிக்கையின் கணக்கெடுப்பு ஆகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒருவர் ஒரு செய்தியைப் பிறருக்குச் சொல்வது, அதனை நம்பியதால் மட்டும் அன்று. உண்மைதானா என அறியவும், அடுத்தவர் முகக்குறிப்பைப் பார்க்கவும், எச்சரிக்கவும் சொல்வதுண்டு. பரவியது என்பதற்கும் நம்பப்பட்டது என்பதற்கும் இடையிலுள்ள தொலைவைப் பெஸ்டிங்கர் மிக விரைவாகக் கடந்துவிட்டார்.

திருநெல்வேலியிலிருந்து எழுந்த விளக்கம்

நிலநடுக்கத்திற்கு விளக்கம் தேடியவர்கள் அதன் அதிர்வை உணர்ந்தவர்கள் மட்டுமல்லர். அரிசன நலச் சுற்றுப்பயணத்தில் தமிழகத்தில் இருந்த காந்தி, ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் பேசினார். பீகாரின் துயரம், தீண்டாமை என்னும் பாவத்திற்காக இறைவன் அனுப்பிய தண்டனை எனத் தாம் நம்புவதாக அங்கே அவர் அறிவித்தார். தீண்டாமையை எதிர்ப்பதே இறைவனுக்கு மாறானது என்ற சனாதனிகளோ, காந்தியின் இயக்கத்திற்குக் கிடைத்த தண்டனை இது என்றனர். தண்டனைக் கொள்கை ஒன்றே. குற்றவாளிகள் மட்டும் இடம் மாறினர்.

இரவீந்திரநாத் தாகூர் இதனைக் கடுமையாக மறுத்தார். இயற்கைப் பேரழிவுகளுக்கு இயற்கை நிகழ்வுகளின் சேர்க்கையே காரணம் என்பதும், அறநெறியையும் இயற்கை விதியையும் குழப்பும் சொல் காந்தியிடமிருந்து வருவது மக்களிடையே பகுத்தறிவின்மையை வளர்க்கும் என்பதும் அவர் மறுப்பின் சாரம். அவரது அறிக்கையையும் தமது பதிலையும் காந்தி 1934 பிப்ரவரி 16ஆம் நாளிட்ட 'அரிசன்' இதழில் ஒருங்கே வெளியிட்டார். தம் நம்பிக்கையை மெய்ப்பிக்கத் தம்மால் இயலாது என்பதை அப்பதிலில் காந்தி ஒப்புக்கொண்டார். அது தவறாக இருப்பினும் தமக்கும் தம்மோடு நம்புவோர்க்கும் நன்மையே செய்திருக்கும் என்பது அவர் நிலை.

காந்தியின் கூற்றை வதந்தியோடு வைத்து எண்ணுவது பொருந்தாது. அது பெயரோடும் பொறுப்போடும் பொதுமேடையில் சொல்லப்பட்டது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதால் ஒரு பயன் உண்டு. திருநெல்வேலியில் நிலம் நடுங்கவில்லை. அங்குக் கூடியிருந்தோர் நியாயப்படுத்த வேண்டிய அச்சம் எதையும் கொண்டிருக்கவில்லை. எனினும் பேரழிவிற்குப் பொருள் கேட்கப்பட்டது, சொல்லவும்பட்டது, மறுக்கவும்பட்டது. ஒரு நிகழ்விற்குக் காரணம் கற்பிப்பதன் மூலம் மக்கள் ஒருவரையொருவர் எதை நோக்கியோ செலுத்த முயல்கின்றனர். காந்தி தீண்டாமை ஒழிப்பை நோக்கிச் செலுத்த முயன்றார். சனாதனிகள் அதற்கு எதிர்த்திசையில். கிரகணத்தன்று வீட்டினுள் தங்காதே என எச்சரித்த பெயரறியா ஒருவரும் தம்மளவில் அதையே செய்திருக்கலாம். தனிமனத்தினுள் நிகழும் முரண்தீர்ப்பாக மட்டும் நம்பிக்கையைக் காணும் பார்வைக்கு இந்தப் பேச்சின் திசை தெரிவதில்லை.

ஆய்வகத்தினுள் சென்ற வதந்தி

பிரசாத்திற்குப் பின் வதந்தி ஆய்வு வேறு வழியில் சென்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசும் நாளிதழ்களும் வதந்தியை மனவுறுதியைக் குலைக்கும் நோயாகக் கருதின. பாஸ்டன் நாளிதழ் ஒன்று 1942இல் வதந்திகளை ஆய்ந்து மறுக்கும் பகுதியைத் தொடங்கியது. அதற்கு இடப்பட்ட பெயர் 'வதந்தி மருத்துவமனை'. ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் 1947இல் வெளியிட்ட நூல் வதந்தியை ஆய்வகத்திற்குள் கொண்டுவந்தது. ஒருவர் ஒரு படத்தைக் கண்டு அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்லுவார். கேட்டவர் திருப்பிக் கேட்பதில்லை, மறுப்பதில்லை, வேறிடத்தில் விசாரிப்பதுமில்லை. செய்தி எவ்வாறு சுருங்குகிறது, கூர்மையடைகிறது என்பதை அம்முறை நன்கு காட்டியது. ஆற்றின் மறுகரையில் உறவினரை வைத்துக்கொண்டு செய்திக்காகக் காத்திருந்த ஒரு நகரத்தின் பேச்சை அதனால் காட்ட இயலாது. பிராஷாந்த் போர்டியாவும் நிக்கோலஸ் டிஃபோன்சோவும் 2002இல் எழுதிய கட்டுரை, பிரசாத்தின் சமூகப் பார்வை இவ்வாறு கைவிடப்பட்டமையை விரிவாக எடுத்துரைக்கிறது.

அறிகை முரண்பாடும் ஆய்வகத்திலேயே புகழ்பெற்றது. பெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் 1959இல் வெளியிட்ட ஆய்வில், சலிப்பூட்டும் வேலையைச் செய்த மாணவர்கள் அது சுவையானது என அடுத்தவரிடம் சொல்லுமாறு கேட்கப்பட்டனர். இருபது டாலர் பெற்றவர்களைவிட ஒரு டாலர் பெற்றவர்களே பின்னர் அவ்வேலையைச் சுவையானதாக மதிப்பிட்டனர். சிறிய கூலி பொய்க்குப் போதிய காரணமாகாமையால் மனம் தன் கருத்தையே மாற்றிக்கொண்டது என்பது விளக்கம். இதே வகையைச் சேர்ந்த ஒரு சோதனையை 39 ஆய்வகங்கள் சேர்ந்து மீளச் செய்து 2024இல் வெளியிட்டன. தம் கருத்துக்கு மாறாக எழுதியோரின் கருத்து மாறியது. ஆனால் தாமே விரும்பி எழுதியோருக்கும் கட்டளையால் எழுதியோருக்கும் இடையே கோட்பாடு எதிர்பார்த்த வேறுபாடு வெளிப்படவில்லை. வெள்ளத்தை எதிர்பார்த்த குழு பற்றிய ஆவணங்களை மீளப் பார்த்த அண்மைய ஆய்வு ஒன்றும், பார்வையாளர்களாகச் சென்றவர்களே அக்குழுவின் போக்கில் தலையிட்டனர் எனச் சுட்டி 1956ஆம் ஆண்டு நூலின் முடிவைக் கேள்விக்குள்ளாக்கியுள்ளது. இவற்றால் கோட்பாடு முற்றிலும் வீழ்ந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. அதன் முதற் சான்றாகிய பீகாரையும் இதே கண்டிப்போடு மீளப் படிக்க வேண்டிய காலம் இது என்று கொள்ளலாம்.

பிரசாத் தம் ஆய்வை 1935உடன் நிறுத்திவிடவில்லை. 1950இல் அதே பிரிட்டிஷ் இதழில் அவர் எழுதிய இரண்டாவது கட்டுரை, பீகாரின் வதந்திகளைப் பிற நாடுகளிலும் பிற நூற்றாண்டுகளிலும் நிகழ்ந்த நிலநடுக்கங்களைப் பற்றிய பதிவுகளோடு ஒப்பிட்டது. டார்ஜிலிங்கை ஆராய்ந்த சின்காவோ 1961இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கினார். மேலைநாட்டுக் கோட்பாடுகளை அப்படியே பொருத்திப் பார்க்காமல் இந்திய வாழ்விலிருந்து உளவியல் வினாக்களை எழுப்ப வேண்டும் என்னும் நிலைப்பாட்டிற்காகவே அவர் பின்னாளில் அறியப்பட்டார். அறிகை முரண்பாட்டு நூலில் இருவர் பெயரும் தரவு தந்தவர்களாக இடம்பெற்றுள்ளன. அத்தரவுக்கு அவர்கள் தந்த விளக்கங்களைக் காண 1935, 1950, 1952ஆம் ஆண்டுகளின் அந்த இதழ்த் தொகுதிகளுக்கே செல்ல வேண்டியிருக்கிறது.